கர்த்தர் பார்த்துக்கொள்வார்: அற்புதமான பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அற்புதமான பராமரிப்பு என்று வேதாகமம் எதைச் சொல்கிறது?

"பராமரிப்பு" என்பது இறையியலாரின் சொல். வேதாகமத்தின் சொல் அதைவிட எளியது. ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு விறகைச் சுமந்துகொண்டு தகப்பனோடு மலையேறுகிறான். நெருப்பும் கட்டையும் இருக்கின்றனவே, பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று வழியில் கேட்கிறான். தேவன் அதைப் "பார்த்துக்கொள்வார்" என்று ஆபிரகாம் பதில் சொல்கிறான். பிறகு புதரில் கொம்பு சிக்கி நின்ற ஆட்டுக்கடாவைக் கண்டு அதைப் பலியிட்டு, அந்த இடத்துக்கு யேகோவாயீரே, அதாவது கர்த்தர் பார்த்துக்கொள்வார், என்று பெயரிடுகிறான். அந்தப் பெயருக்குள் இருக்கும் எபிரெய வினைச்சொல்லின் முதற்பொருள் காண்பது என்பதே. கொடுப்பது என்ற பொருள் அதிலிருந்து பின்னால் கிளைத்தது.

இந்த இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மொழியே கைகொடுத்தது என்று சொல்ல வேண்டும். "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்று நாம் சொல்லும்போது, கண்ணால் காண்பதும் தேவையானதைச் செய்வதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆட்டுக்கடாவை ஆபிரகாம் கண்டான் என்று சொல்லும் வசனத்திலும் அதே எபிரெய வினைதான் வருகிறது. ஆகவே வேதாகமம் பேசும் அற்புதத்தில் பொருள் வந்து சேர்வது இரண்டாவது செய்தி. இல்லாமையை ஒருவர் ஏற்கெனவே கண்டிருக்கிறார் என்பதே முதற்செய்தி. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த வரிசையை வைத்தே எழுதப்பட்டவை.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் உண்ட மன்னா இயற்கையான ஒரு பொருள்தான் என்கிறார்களே?

சீனாய்ப் பகுதியில் வளரும் தாமரிஸ்க் மரங்களில் செதிற்பூச்சிகள் சாற்றை உறிஞ்சி, இனிப்பான சிறு துளிகளை வெளியிடுவது உண்மைதான். அத்துளிகள் உறைந்து கீழே விழ, அங்குள்ள மக்கள் அவற்றைச் சேகரித்து உண்பதும் பதிவாகியுள்ளது. யாத்திராகமம் 16 மன்னாவைக் கொத்துமல்லி விதையளவில், வெண்ணிறமாக, தேனிட்ட பணிகாரத்தின் சுவையோடு இருந்ததாக விவரிப்பதை வாசிக்கும்போது இந்த ஒப்புமை நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த அதிகாரத்தை எழுதியவர் வலியுறுத்துவது வேறு விவரங்களை. ஆளுக்கு ஓர் ஓமர், அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர் அளவு, நாள்தோறும் கிடைத்தது. மறுநாளைக்கென்று எடுத்து வைத்தது புழு பிடித்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாய்க் கிடைத்து, ஓய்வுநாளில் கெடாமல் இருந்தது. இப்படி 40 ஆண்டுகள் நடந்தது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் துளிக்கும் பூச்சிச்சாறு இந்த ஒழுங்கை விளக்காது. மன்னா எதனால் ஆனது என்று வேதாகமம் சொல்லவில்லை. மக்களுக்கும் அது தெரியவில்லை, "இது என்ன?" என்ற அவர்களுடைய கேள்வியே அதன் பெயராகிவிட்டது. உணவின் பெயரே ஒரு கேள்வியாக இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விவரம்: 40 ஆண்டுகள் அவர்கள் தின்றது விடை தெரியாத ஒரு கேள்வியைத்தான்.

ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்காமல் ஏன் அன்றன்றைக்குக் கொடுத்தார்?

எகிப்தில் இஸ்ரவேலர் பார்வோனுக்காகப் பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டிய அடிமைகள் என்பதை நினைவில் கொண்டால் இது சற்று விளங்கும். யாத்திராகமத்தின் முதல் அதிகாரமே பித்தோம், ராமசேஸ் என்னும் அந்தப் பட்டணங்களின் பெயர்களைச் சொல்கிறது. சேமிப்புக் கிடங்கு என்றால் அடுத்தவனுடைய தானியம், தங்களுடைய முதுகு என்றே அறிந்திருந்த மக்களுக்கு, கிடங்கே தேவைப்படாத ஓர் உணவு கொடுக்கப்படுகிறது. அதை அளந்து பார்த்தபோது மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் இதே அளவுதான் இருக்கிறது. மத்தேயுவில் "இன்று" தாரும் என்றும், லூக்காவில் "அன்றன்றும்" தாரும் என்றும் கேட்கிறோம். அங்கே ஆகாரத்தோடு சேர்ந்து வரும் "எப்பியூசியோஸ்" என்ற கிரேக்கச் சொல் இந்த ஜெபத்துக்கு வெளியே காணக் கிடைப்பது அரிதினும் அரிது. இன்றைக்கு வேண்டியது, வரும் நாளுக்குரியது, உயிர்வாழத் தேவையானது என்று அறிஞர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். எப்பொருளைக் கொண்டாலும், ஓர் ஆண்டுக்கான சரக்கை ஒருவரும் அந்த வரியிலிருந்து எடுக்க முடியாது. "எனக்கு" என்று எங்கேயும் வராமல் "எங்களுக்கு" என்றே வருவதையும் கவனிக்க வேண்டும்; அதைச் சொல்லிக்கொண்டே தனக்கு மட்டும் கேட்பதற்கு இலக்கணமே இடம் கொடுக்காது.

அற்புதம் செய்யக்கூடிய தேவன் ஏன் கையிலிருக்கும் சிறிதைக் கேட்கிறார்?

இதற்கு இரண்டு விதவைகளின் கதைகளை அருகில் நின்று பார்க்க வேண்டும்.

முதலாமவள் சாறிபாத் ஊரைச் சேர்ந்தவள் (1 இராஜாக்கள் 17). பஞ்ச காலம். தீர்க்கதரிசி எலியா அதுவரை கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் கொண்டுவந்த அப்பத்தையும் இறைச்சியையும் உண்டு பிழைத்திருந்தார். மழையில்லாமல் அந்த ஆறும் வற்றிப்போயிற்று. அவர் ஊர் வாசலை அடைந்தபோது அவள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை விறகு என்பதையும் அவளே சொல்கிறாள்: இரண்டு. பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டுத் தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் சாக வேண்டியதுதான் என்பது அவளுடைய கணக்கு. அந்த நிலையிலும் எலியா முதல் அடையைத் தனக்குக் கேட்கிறார். வாசிப்பவருக்குக் கோபம் வரக்கூடிய இடம் இது, வரவும் வேண்டும். ஆனால் கேட்பவரும் பசித்தவர், அடைக்கலம் இல்லாதவர் என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்குப் பின்பும் அவள் வீட்டுப் பானை நிரம்பி வழிந்ததாகக் கதை சொல்லவில்லை. மா செலவழிந்து போகவில்லை, எண்ணெய் குறைந்து போகவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அதாவது ஒவ்வொரு நாளும் அவள் குனிந்து பார்த்தபோது, பானையின் அடியில் அன்றைக்கு வேண்டிய மாவு இருந்தது.

இரண்டாமவள் கடன்பட்டவள் (2 இராஜாக்கள் 4). கணவன் இறந்துவிட்டான், கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். எலியாவுக்குப் பின்வந்த தீர்க்கதரிசி எலிசா அவளிடம் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் என்ன இருக்கிறது என்பதே. ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அண்டை வீடுகளில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்கிறார். கடன்காரியாக ஊருக்குத் தெரிந்துபோன ஒருத்தி, வீடு வீடாகப் போய் வெறும் பாத்திரம் கேட்பது எப்படிப்பட்ட நடை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வார்க்கிறாள். மகன்கள் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்கிறார்கள். இன்னொரு பாத்திரம் கொடு என்கிறாள், வேறு இல்லை என்கிறான் மகன், எண்ணெய் நின்றுபோகிறது. அவள் எண்ணெயை விற்றுக் கடனை அடைத்து, மீதியில் பிள்ளைகளோடு பிழைக்க வேண்டும் என்பது எலிசாவின் சொல். அற்புதத்துக்குப் பின்பும் விற்பனையும் கடன் தீர்ப்பதும் குடும்பக் கணக்கும் அவளுடைய வேலையாகவே இருந்தன.

ஏன் கையிலிருப்பதைக் கேட்கிறார் என்பதற்கு இரண்டு கதைகளும் கோட்பாடாக எதையும் சொல்லவில்லை. ஆனால் இருவருமே வெறும் பெறுநர்களாக நிறுத்தப்படவில்லை என்பது தெளிவு. ஒருத்தி தீர்க்கதரிசிக்கு விருந்தளித்தாள். மற்றவள் தன் கடனைத் தானே அடைத்தாள். ஏழையின் மானத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும் விதம் இது என்று நான் வாசிக்கிறேன்.

ஐயாயிரம் பேருக்கு இயேசு உணவளித்தது, மக்கள் மறைத்து வைத்திருந்ததைப் பகிர்ந்துகொண்டதுதானா?

இந்த விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கேட்க அழகாகவும் இருக்கிறது. சுவிசேஷங்களில் அதற்கு ஆதாரம் இல்லை. உயிர்த்தெழுதலைத் தவிர்த்தால் நான்கு சுவிசேஷங்களும் ஒருமித்துச் சொல்லும் அற்புதம் இது ஒன்றே. அவற்றில் ஒன்றுகூட ஒளித்துவைத்த மூட்டைகளைப் பற்றிப் பேசவில்லை. யோவானின்படி, உண்டவர்கள் இயேசுவைப் பிடித்து ராஜாவாக்கப் பார்த்தார்கள். தாங்கள் கொண்டுவந்த உணவையே தாங்கள் தின்றதற்காக ஒருவரை யாரும் ராஜாவாக்குவதில்லை.

அதே சமயம் அற்புதம் எந்தக் கணத்தில் நடந்தது என்பதையும் சுவிசேஷங்கள் காட்டவில்லை. சீஷனான பிலிப்பு 200 பணத்து அப்பங்களும் போதாது என்கிறான். ஒரு பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி என்பது திராட்சத்தோட்ட உவமையிலிருந்து தெரிகிறது. அந்திரேயா ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் வைத்திருந்த ஒரு பையனைக் காட்டுகிறான். வாற்கோதுமை எளியவர்களின் தானியம். மாற்குவின்படி ஜனங்கள் பசும்புல்லின்மேல் நூறும் ஐம்பதுமாக வரிசையாய் உட்காருகிறார்கள். இயேசு எடுக்கிறார், அண்ணாந்து பார்க்கிறார், ஆசீர்வதிக்கிறார், பிட்கிறார், கொடுக்கிறார். இவற்றில் கொடுத்தல் மட்டும் மாற்குவின் கிரேக்கத்தில் தொடர்வினையாக வருகிறது: கொடுத்துக்கொண்டே இருந்தார். பெருகியது என்ற சொல்லே அங்கு இல்லை. அப்பம் கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருந்ததைத்தான் காண்கிறோம். பகிர்ந்தார்களா, அற்புதமா என்று நாம் எதிரெதிராக நிறுத்தும் இரண்டும் கதைக்குள் ஒன்றாகவே நடக்கின்றன. அப்பம் சீஷர்களின் கைவழியாக அல்லாமல் யாருக்கும் போகவில்லை.

கலிலேயாக் கடலோரத் தப்காவில் இந்த அற்புதத்தின் நினைவாக நிற்கும் ஆலயத்தில், 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்பதிப்புச் சித்திரம் ஒன்று உள்ளது: இரண்டு மீன்கள், நடுவில் ஒரு கூடை, கூடையில் நான்கு அப்பங்கள். ஐந்தாவது பலிபீடத்தின்மேல் இருக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஒன்றும் வீணாகாதபடி மீதித் துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னதும் யோவானில்தான் இருக்கிறது. தாராளமாய்க் கொடுக்க முடிந்தவர் துணிக்கைகளை எண்ணுகிறார். 12 கூடைகள் நிறைந்தன.

அப்படியானால் இயேசு தம் சொந்தப் பசிக்கு ஏன் கல்லை அப்பமாக்க மறுத்தார்?

நாற்பது நாள் உபவாசத்துக்குப் பின் வந்த சோதனை அது. உபாகமம் 8-ஆம் அதிகாரத்திலிருந்து, மன்னாவைப் பற்றிய வசனத்தையே எடுத்து அவர் பதில் சொன்னார்: மனுஷன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை. பிறருடைய பசிக்கு அப்பம் பிட்ட கைகள், தம் பசிக்கு வல்லமையைக் குறுக்குவழியாக்கவில்லை. தன் தேவைக்காக மட்டுமே அற்புதங்களைத் தேடும் எந்த ஜெபத்துக்கும் இந்தச் சம்பவம் ஓர் அசௌகரியமான அண்டை வீடு.

ஒரு மனிதர் கொடுத்த உதவியை அற்புதம் என்று சொல்லலாமா?

சொல்லலாம், மிகைப்படுத்தாமல் சொன்னால். மோவாபிய விதவையான ரூத் பெத்லகேமில் கதிர் பொறுக்கப் போகிறாள். வயலின் ஓரங்களை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்ற லேவியராகமச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அது போதாதென்று, அரிகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிடும்படி வயலின் சொந்தக்காரனான போவாஸ் வேலைக்காரருக்கு ரகசியமாய்க் கட்டளையிட்டான். ரூத்துக்கு அது தற்செயல். வாசகருக்கு அதற்குப் பின்னாலிருக்கும் கை தெரியும். புத்தகம் முழுவதிலும் வானத்திலிருந்து ஒரு துணிக்கையும் விழவில்லை.

வட ஆப்பிரிக்காவின் இப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430), யோவான் சுவிசேஷத்தின் இந்த அப்ப அற்புதத்தை விளக்கும்போது, சில விதைகளிலிருந்து விளைச்சலைப் பெருக்கி உலகம் முழுவதையும் நடத்துவது ஐயாயிரம் பேரை அப்பத்தால் திருப்தியாக்குவதைவிடப் பெரிய அற்புதம் என்கிறார். பின்னதைக் கண்டு மக்கள் வியப்பது அது பெரியது என்பதால் அல்லாமல், அரியது என்பதால். ஆகவே வாடகை கட்ட வேண்டிய நாளில் பழைய நண்பர் ஒருவர் எதிர்பாராமல் பணம் அனுப்பினால் தேவனுக்கு நன்றி சொல்வது நியாயமே. நண்பருக்கு நன்றி சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

விசுவாசிப்பவர் உழைக்கவும் சேமிக்கவும் வேண்டுமா?

வேண்டும். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று எழுதிய பவுல் கூடாரம் பண்ணும் தொழில் செய்தார். அவர் சொன்னது மனதில்லாதவனைப் பற்றி. வேலை கிடைக்காதவரையோ நோயாளியையோ நோக்கி இந்த வசனத்தை வீசுவது முறைகேடு. சேமிப்பைப் பொறுத்தவரை, யோசேப்பு எகிப்தில் செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்து வைக்கச் சொன்னதும் தேவன் அளித்த ஞானமாகவே சொல்லப்படுகிறது. மன்னாவை மூட்டை கட்டியவர்களும் யோசேப்பும் செய்தது மேலோட்டமாய் ஒன்றுபோலத் தோன்றும். யோசேப்பின் களஞ்சியங்கள் பஞ்ச காலத்தில் திறந்தன.

காணிக்கை கொடுத்தால் பல மடங்காகத் திரும்பி வரும் என்கிறார்களே?

செழிப்பின் உபதேசம் பெரும்பாலும் மல்கியா 3:10-ஐ மேற்கோள் காட்டும்: தசமபாகத்தை (பத்திலொரு பங்கை) கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகள் திறக்கும். அதே வசனம் அதற்கான காரணத்தையும் சொல்கிறது: ஆலயத்தில் ஆகாரம் இருக்கும்படிக்கு. தசமபாகம் என்பது முதன்மையாகத் தானியமும் திராட்சரசமும் எண்ணெயும்தான். உபாகமம் 14-இன்படி மூன்றாம் ஆண்டின் பங்கு ஆலய ஊழியக் குலத்தவனான லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைவதற்காக வைக்கப்பட்டது. விதவையின் வீட்டு மாவை வாங்கிக்கொண்டு விதவைக்கு ஒன்றும் தராத அமைப்பு அந்த வசனத்தைத் தலைகீழாக வாசிக்கிறது.

பிலிப்பியர் 4:19 இன்னொன்று. தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்று பவுல் எழுதியபோது அவர் காவலில் இருந்தார். எப்பாப்பிரோதீத்து என்பவர் வழியாகப் பிலிப்பி சபை அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டு எழுதிய நன்றிக் கடிதம் அது. பட்டினியாயிருக்கவும் பரிபூரணமடையவும் கற்றுக்கொண்டேன் என்று அதற்குச் சில வரிகள் முன்னதாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த வசனத்தை முதலீட்டுப் பத்திரமாக ஆக்க, முந்தைய வரிகளை மறைத்தாக வேண்டும்.

ஜார்ஜ் முல்லரைப்போல யாரிடமும் கேட்காமல் ஜெபத்தை மட்டும் நம்பி வாழலாமா?

பிரஷ்யாவில் 1805-இல் பிறந்து இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஊழியம் செய்த முல்லர், 1830 முதல் சம்பளம் பெறுவதை நிறுத்தினார். 1836-இல் அனாதைப் பிள்ளைகளுக்கான முதல் இல்லத்தைத் தொடங்கினார். 1898-இல் அவர் இறப்பதற்குள் ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்திருந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றில் வளர்ந்திருந்தார்கள். நன்கொடை தாருங்கள் என்று அவர் தனிமனிதர் எவரிடமும் கேட்டதில்லை.

அவரைப் பற்றிப் பேசுவோர் அதிகம் சொல்லாதது அவருடைய கணக்குப் புத்தகம். வந்த ஒவ்வொரு சிறு தொகையையும் பதிந்து, ஆண்டறிக்கைகளாக வெளியிட்டார். அந்த அறிக்கைகளே மறைமுக வேண்டுகோள்தானே என்று கேட்பது தவறான கேள்வியல்ல. ஆனால் எல்லாரும் பார்க்கும்படி கணக்கைத் திறந்து வைத்தது அவருடைய விசுவாசத்தின் ஒரு பகுதி என்றே நான் எண்ணுகிறேன். அவருடைய முறை எல்லாருக்கும் சட்டமாகாது. எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் வெளிப்படையாகவே பணம் கேட்டார். அப்படிக் கேட்கும் 2 கொரிந்தியர் 8-இல்தான் மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை என்ற மன்னா வசனத்தையும் மேற்கோள் காட்டினார். வனாந்தரத்தில் தேவன் சமன் செய்தார். இப்போது உங்களுடைய மிகுதி அதைச் செய்யட்டும் என்பது அவருடைய வாதம்.

உண்மையாய் ஜெபித்தும் கிடைக்காமல் போனால்?

இந்தக் கேள்விக்கு விரைவாகப் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். நீதிமான் கைவிடப்பட்டதை நான் காணவில்லை என்று சங்கீதம் 37 சொல்கிறது. லூக்கா 16-இல் அதே வேதாகமம் ஏழை லாசருவைப் பணக்காரனின் வாசலில் கிடத்தியிருக்கிறது. அவன் துணிக்கைகளுக்கு ஆசைப்பட்டான்; நாய்கள் அவன் பருக்களை நக்கின; அவன் செத்தான். அவனுடைய விசுவாசம் குறைவு என்று இயேசு சொல்லவில்லை. குற்றம் வாசலுக்கு உள்ளே இருந்தவன்மேல் விழுகிறது. எலியாவின் நாட்களில் இஸ்ரவேலில் அநேக விதவைகள் இருந்தார்கள், ஆனால் எலியா அவர்களில் ஒருத்தியிடமும் அனுப்பப்படவில்லை என்று நாசரேத்தில் சொன்னவரும் இயேசுதான். அதைக் கேட்டவர்கள் கோபத்தால் நிறைந்தார்கள். பவுல் தம் பாடுகளைப் பட்டியலிடும்போது பசியையும் நிர்வாணத்தையும் சேர்த்துக்கொள்கிறார். அத்திமரம் துளிர்விடாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற தீர்க்கதரிசி ஆபகூக், மரம் பிறகு துளிர்த்தது என்று எழுதவில்லை.

ஆகவே கிடைக்காதவரிடம், உங்கள் ஜெபத்தில் ஏதோ குறை என்று சொல்ல வேதாகமம் நமக்கு உரிமை தரவில்லை. நாம் என்ன செய்ய வேண்டும் என்பதையோ தெளிவாகச் சொல்கிறது. அப்போஸ்தலர் 11-இல் அகபு என்னும் தீர்க்கதரிசி பெரும் பஞ்சம் வரும் என்று அறிவிக்கிறார். ரோமப் பேரரசர் கிலவுதியு ராயனின் நாட்களில் அது வந்தது. செய்தியைக் கேட்ட அந்தியோகியா சபையார் மன்னாவுக்காகக் காத்திருக்கவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து, பர்னபா, சவுல் (பவுல்) என்பவர்களின் கையில் யூதேயாவுக்கு அனுப்பினார்கள். உடையும் உணவும் இல்லாதவரைப் பார்த்து, குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாழ்த்தி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்பதும் இதையே.

கிடைத்துக்கொண்டிருந்தது நின்றுபோனால் தேவன் விலகிவிட்டார் என்று பொருளா?

மன்னாவும் நின்றது. யோசுவா 5-இன்படி, இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்து கில்காலில் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை ஆசரித்து, மறுநாள் அத்தேசத்துத் தானியத்தைப் புசித்தார்கள்; அதற்கு அடுத்த நாள் மன்னா பெய்யவில்லை. அறிவிப்பும் இல்லை, அதைக் குறித்து ஒரு புலம்பலும் பதிவாகவில்லை. நாற்பது ஆண்டுகளாய் விடியற்காலையில் கூடையோடு வெளியே போன பெண்கள், அன்றைக்கு வெறும் பனியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கானானின் கோதுமையை இடித்திருப்பார்கள்.